சபையார் சொல்ல வேண்டிய பங்கு

சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வாணிகம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அவருக்குப் பூர்வீகம் நாசரேத்துப் பக்கம். இங்கே கடை வைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அவர் சொன்னது ஏறத்தாழ இது:

“தம்பி, என் பேரன் வீட்டில் தமிழ்தான் பேசுகிறான்; அவன் வாயை அடக்க முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் நுழைந்தால் ஊமையாகிவிடுகிறான். ஐயர் தம் பங்கைச் சொல்லி முடித்ததும் சபையார் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? அந்த இடத்தில் இவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். புத்தகத்தைக் கொடுத்தால், எழுத்துத் தெரியாது தாத்தா என்கிறான். பேசாமல் மலையாள ஆராதனைக்கே அனுப்பிவிடலாமா? அல்லது அந்தப் பதில்களை மலையாள எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கலாமா? நீங்கள்தான் பத்திரிகையில் எழுதுகிறவர், சொல்லுங்கள்.”

இதே குறையை இரயில்வே குடியிருப்பிலும் கேட்டிருக்கிறேன். நாகர்கோவிலிலிருந்து வந்து கிள்ளிப்பாலத்தில் குடியிருப்போர் வாயிலாகவும் கேட்டிருக்கிறேன். ஆகவே இம்மாதப் பகுதியை இதற்கே ஒதுக்கினேன். கிறிஸ்தவரல்லாத அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. ஒருவர் குரல் கொடுக்கப் பலர் பதில் சொல்லி வழிபடுவது நம் எல்லார்க்கும் பழகிய முறையே. பழனிக்குக் காவடி எடுப்போர் ‘அரோகரா’ என்கின்றனர். திருமலை ஏறுவோர் ‘கோவிந்தா’ என்கின்றனர். பள்ளிவாசலில் இமாம் ஓதி முடித்ததும் ‘ஆமீன்’ என்பர். கிறிஸ்தவர் சொல்லும் ‘ஆமென்’ அதே சொல்தான், எபிரேயத்திலிருந்து வந்தது, அப்படியே ஆகுக என்று பொருள்படும்.

கிறிஸ்தவ ஆராதனையில் இவ்வழக்கம் விரிவாக வளர்ந்திருக்கிறது. முறைமைப் புத்தகத்தைத் திறந்தால் ஓரத்தில் ‘குரு’ என்றும் ‘சபையார்’ என்றும் மாறி மாறிக் குறித்திருக்கும். சங்கீதங்களை ஒரு வசனம் குருவும் மறு வசனம் சபையாருமாக வாசிப்பர். லித்தானியா என்னும் மன்றாட்டில் குரு நீண்ட விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல, சபையார் ஒவ்வொன்றின் இறுதியிலும் அதே சிறிய வாக்கியத்தைச் சொல்வர். இது புத்தகம் அச்சடிக்கத் தொடங்கிய பிற்பாடு தோன்றிய வழக்கம் என்று எண்ணுவது தவறு. வேதாகமத்தில் உபாகமம் 27-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: லேவியர் பன்னிரண்டு வாக்கியங்களை உரத்துச் சொல்ல, ஜனங்கள் பன்னிரண்டு முறையும் ‘ஆமென்’ என்று பதில் சொல்ல வேண்டுமென்று விதித்திருக்கிறது. எழுத்தறிந்தவர் மிகச் சிலராயிருந்த காலத்தில் ஏற்பட்ட ஏற்பாடு அது. ஒருவர் கையில் ஏடு. மற்றவர் எல்லார்க்கும் வாய்.

தமிழ்நாட்டுக் கரையிலும் அவ்வாறே தொடங்கிற்று. 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தூத்துக்குடியில் இரு மொழியும் அறிந்த சிலரைக் கூட்டிவைத்து, ஜெபங்களைத் தமிழாக்கச் செய்து, அவற்றை நெட்டுருப் போட்டார். பின்னர் கையில் மணியை அடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டினார். 1544-ஆம் ஆண்டு கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே இதை விவரித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண், பெண், முதியோர், இளையோர் எல்லாரும் கூடுவர். அவர் சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்வர். விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியும் முடிந்தவுடன், இதை நம்புகிறீர்களா என்று அவர் கேட்பார். மக்கள் மார்பின்மேல் கைகளைச் சிலுவையாகக் கட்டிக்கொண்டு, நம்புகிறோம் என்று ஒரே குரலாகப் பதில் சொல்வர்.

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. அந்த முதல் மொழிபெயர்ப்பில், விசுவாசிக்கிறேன் என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் நுழைந்துவிட்டது. பரதவ மக்களும் கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் வேணும் என்று சில காலம் சொல்லிக்கொண்டிருந்தனர். சவேரியார் பின்னர் இதை அறிந்து, தம் உடன் ஊழியராகிய மான்சில்ஹாஸுக்கு எழுதி, ‘விசுவாசம்’ என்ற சொல்லை வைக்கும்படி திருத்தினார். திருத்தியது சரியே. ஆனால் அந்தப் பழைய பிழையும் அவ்வளவு மோசமான ஜெபம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எழுத்தின் கதைக்கு இப்போது வருவோம். அண்ணாச்சியின் இரண்டாம் கேள்விக்கு அது மிகவும் வேண்டியது. தமிழ் முதன்முதலில் அச்சேறியது தமிழெழுத்தில் அன்று. 1554-ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் ஒரு ஜெபப் புத்தகம் அச்சாயிற்று. அதில் தமிழ்ச் சொற்கள் ரோம எழுத்தில் இருந்தன; உடன் போர்த்துகீசிய மொழியும் இருந்தது. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1578 அக்டோபர் 20-ஆம் நாள், ஹென்றிக்கஸ் அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தமிழெழுத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்த நாட்டில் அச்சான நூல்களுள் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் முதலாவது இதுவே. அது வெளிவந்த ஊர் எது தெரியுமா? நம் கொல்லம். தம்பானூர் நிலையத்தில் வண்டியேறினால் 65 கிலோமீட்டர். பதினாறே பக்கங்கொண்ட அச்சிறு நூல் ஜெபங்களையும் அடிப்படை உபதேசத்தையும் கொண்டது. அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. தமிழுக்கு அச்சுக் கொடுத்த ஊர் இன்று மலையாள நாட்டில் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது. இங்கே தமிழ் நேற்று வந்த விருந்தாளி என்ற எண்ணம் அவர்களுக்கு வேண்டா.

சீர்திருத்த சபைகளின் வரலாற்றை நான் இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. நம்மவர் இரு வழியில் வந்தவர்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆங்கிலிக்கன் சபையார்க்குப் பொதுப் பிரார்த்தனைப் புத்தகம் உண்டு. கேள்வியும் மறுமொழியும் அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. தென் திருவிதாங்கூரிலோ, 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே காலம் முதலாக லண்டன் மிஷன் வழி. அங்கே போதகர் மனத்தில் எழுந்தபடி ஜெபிப்பார். சபையார் கண்மூடிக் கேட்டு இறுதியில் ‘ஆமென்’ என்பர். புத்தகத்தைப் பார்த்துப் படிப்பதும் ஒரு ஜெபமா என்று நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர்கள் கேட்பதுண்டு. புத்தகமில்லாவிட்டால் போதகரின் அன்றைய மனநிலைக்குச் சபை முழுவதும் கட்டுப்பட வேண்டியதாகுமே என்று நாசரேத்துக்காரர் திருப்பிக் கேட்பர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு.

இவ்விரு வழியும் 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஒன்றாயின. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் என்று பலவகை வழக்கமுடையோர் ஒரே பந்தியில் அமர வேண்டும். எந்தப் புத்தகத்தைப் பயன்படுத்துவது? இதற்கென ஏற்பட்ட குழுவின் அமைப்பாளர் லெஸ்லி பிரவுன் என்பவர். பிற்காலத்தில் உகாண்டாவில் பேராயராயிருந்தவர். சிரியன் கிறிஸ்தவர் வரலாற்றைப் பற்றி 1956-இல் வெளிவந்த பேர்பெற்ற நூலை எழுதியவரும் அவரே. அவர் முதல்வராகப் பணியாற்றிய இறையியற் கல்லூரி நம் நகரத்துக் கண்ணம்மூலையில் இருக்கிறது.

குழுவினர் அமைத்த திருவிருந்து ஆராதனை 1950-ஆம் ஆண்டு மதுரையில் கூடிய சினாடில் முதன்முறையாக நடத்தப்பட்டது. முழுப் பொது ஆராதனைப் புத்தகம் 1963-இல் வந்தது. இதில் சபையாருக்கு வைத்த பங்கு முன்பு இருந்ததைக் காட்டிலும் மிகுதி. அதிலும் சிறப்பான சில பகுதிகள் கேரளத்துச் சிரியன் சபையின் பழைய வழிபாட்டிலிருந்து எடுத்தவை. கிறிஸ்துவின் மரணத்தையும், உயிர்த்தெழுதலையும், மீண்டும் வரப்போவதையும் சபையார் ஒரே மூச்சில் அறிக்கையிடும் பதில் அத்தகையது. சமாதானம் கொடுக்கும் முறையும் அங்கிருந்து வந்ததே. குரு தம் வலது உள்ளங்கையை மற்றவர் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் இடக்கையால் அதை மூடிக்கொள்வர். பின் அது கைக்குக் கையாகக் கடைசி வரிசைவரை செல்லும். சொல்லே தேவையில்லாத மறுமொழி இது. அண்ணாச்சியின் பேரன் இதில் மட்டும் தவறுவதே இல்லையாம்.

ஆக, தமிழ்ச் சபைகள் இன்று தங்களுடையது என்று கருதிச் சொல்லும் பதில்களில் சில, மலையாள நாட்டுப் பழஞ்சபையின் கொடை. மொழி எல்லையைத் தாண்டுவது ஜெபத்துக்குப் புதிதன்று.

கத்தோலிக்க அன்பர்களின் நிலை வேறு. அவர்களுக்கு நெடுங்காலம் பூசை இலத்தீனில் நடந்தது. பதில் சொல்வது பூசை உதவிப் பையன்களின் வேலை. மக்கள் தமிழில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பர். 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் பிறகுதான் தாய்மொழிக்கு வாசல் திறந்தது. தூத்துக்குடியிலிருந்து வந்த முதியவர் ஒருவர், சிறுவயதில் பொருள் தெரியாமலே இலத்தீன் பதில்கள் அத்தனையும் மனப்பாடமாக ஒப்பித்ததை இன்றும் பெருமையாகச் சொல்லிக்காட்டுவார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் பொருள் தெரியாமல் சொல்வது போதுமா? பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 14-ஆம் அதிகாரத்தில் இதையே கேட்கிறார்: நீ சொல்வது பக்கத்தில் இருக்கும் எளியவனுக்கு விளங்காவிட்டால், அவன் உன் ஸ்தோத்திரத்துக்கு எவ்வாறு ‘ஆமென்’ சொல்வான் என்பது அவர் வாதம். நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது அந்த எளியவனுடைய இடத்தில் நிற்கின்றனர். எழுத்துத் தெரியாமை ஒரு பாதி. மறு பாதி, காதில் விழும் சொல் மலையாளப் பொருளோடு மனத்தில் பதிவது.

மன்றாட்டில் மிகுதியாக வரும் சொல் ‘இரக்கம்’. மலையாளப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தெரிந்ததோ ‘இறக்கம்’. கயற்றமும் இறக்கமும் என்று மேடு பள்ளத்தைச் சொல்லும் சொல். எங்கள்மேல் இரக்கமாயிரும் என்னும் கருத்தில் பெரியவர்கள் வேண்ட, சிறுவன் மனத்தில் பேருந்து சரிவில் இறங்குகிறது. ‘பாவம்’ இன்னும் சிக்கல். குற்றத்தைக் குறிக்க மலையாளத்தில் ‘பாபம்’ என்பர். ‘பாவம்’ என்றால் பரிதாபத்துக்குரிய ஏழை என்றே பொருள். நாமும் ‘ஐயோ பாவம்’ என்பதால் பிள்ளைக்கு ஐயமே எழுவதில்லை. பாவ அறிக்கை என்றதும், யாரோ பாவப்பட்டவர்களைப் பற்றிய அறிக்கை என்று ஒரு சிறுமி விளக்கம் சொன்னாள். ‘ஆவி’ என்ற சொல்லையும் கேட்டுப் பார்த்தேன். மலையாளத்தில் ஆவி என்றால் நீராவி. இரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? பழைய வழக்கில் ‘பரிசுத்த ஆவி’ என்றால் ‘பரிசுத்தாத்மாவு’ என்ற மலையாள வழக்கை ஒட்டி ஓரளவு ஊகித்துக்கொள்கிறார்கள். ‘தூய ஆவி’ என்ற புதிய வழக்கு நல்ல தமிழே. ஆயினும் இங்குள்ள பிள்ளைக்கு அது இன்னும் ஒரு படி தொலைவு.

இனி அண்ணாச்சியின் கேள்விகளுக்கு என் கருத்தைச் சொல்கிறேன்.

மலையாள ஆராதனைக்கு அனுப்புவதில் குற்றம் ஒன்றுமில்லை. பக்திக்கு மொழிப் பாகுபாடு கிடையாது. பேரனின் பள்ளித் தோழர்களும் அங்கேதான் இருப்பர். ஆனால் அதனோடு முடிந்துவிடாது. ஜெபம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் உரியதன்று. நோயாளியின் கட்டிலருகிலும், புதுவீடு புகும்போதும், அடக்க ஆராதனையிலும் நம் வீடுகளில் தமிழே ஒலிக்கிறது. இரண்டாண்டுக்கு முன் நம் வட்டாரத்துப் பெரியவர் ஒருவரின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். குருவானவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, பதில் சொன்னவை நான்கைந்து முதிய குரல்கள் மட்டுமே. பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர் குழியின் அருகே நின்றனர். கண்ணீர் இருந்தது, தாத்தாவுக்காகச் சொல்ல வேண்டிய பதில் ஒருவருக்கும் தெரியவில்லை. மூத்த பேத்தி மட்டும் உதடசைத்தாள். சொற்களைப் பிடிக்க முயன்று, இரண்டு சொல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். அந்த நான்கைந்து பேரும் போன பிறகு யார் பதில் சொல்வார்?

மலையாள எழுத்தில் அச்சிடலாமா? தமிழ்ப் பற்றுள்ள அன்பர்கள் சிலர் இதைக் கேட்டாலே கோபிக்கின்றனர். எழுத்தை விட்டால் மொழி போய்விடும் என்பது அவர்கள் அச்சம். எனக்கு அந்த அச்சம் இல்லை. லிஸ்பன் நூலில் ரோம எழுத்தில் தொடங்கிய தமிழ்தானே கொல்லத்தில் சொந்த எழுத்துக்கு வந்தது? ரோம எழுத்தில் ழகரமும் றகரமும் ளகரமும் தம்முருவை இழக்கும்; மலையாள எழுத்தில் அவை அத்தனையும் அப்படியே இருக்கின்றன. ‘இரக்கம்’ வேறு, ‘இறக்கம்’ வேறு என்பதை மலையாள எழுத்தில் கண்ட பிள்ளைக்கு அடுத்த முறை ஐயம் வராது. இன்னொரு நன்மையும் உண்டு: தமிழில் ஒரே தகரத்தை வைத்து ‘தேவன்’ என்றும் ‘தந்தை’ என்றும் எழுதி, ஒலி வேறுபாட்டைப் பழக்கத்துக்கு விட்டுவிடுகிறோம், மலையாள எழுத்து அதைப் பிரித்தே காட்டும்.

ஆயினும் ஆராதனை முழுவதையும் அவ்வாறு அச்சிடக் கூடாது. சபையாரின் பதில்கள் மட்டும் போதும். மொத்தமே இரண்டு மூன்று தாள்தான் வரும். ஒவ்வொரு வரியையும் மேலே தமிழெழுத்திலும் கீழே மலையாள எழுத்திலுமாக அமைக்க வேண்டும். குருவின் பங்கில் கடைசி இரண்டு சொற்களைக் குறித்துவிட்டால், எங்கே வாய் திறக்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியும். கைகாட்டி விழுந்ததைக் கண்டு வண்டி புறப்படுவது போல.

தாளுக்கு முன்பே காது வர வேண்டும். வீட்டு ஜெபத்தில் இதைத் தொடங்கலாம். 136-ஆம் சங்கீதம் இதற்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது: 26 வசனங்கள், ஒவ்வொன்றின் பின்பாதியும் அதே சொற்கள். முன்பாதியைப் பாட்டியோ தாயோ வாசிக்கட்டும், பின்பாதி பிள்ளைகளுடையது. மூன்றாம் வசனத்துக்குள் அவர்களுக்குப் பாடமாகிவிடும், பத்தாம் வசனத்தில் முந்திக்கொண்டு சொல்வர், இருபதில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அதட்ட வேண்டா. ஒரு வாரம் சென்றபின் முறையை மாற்றி, ஒரு பிள்ளை முன்பாதியைச் சொல்ல முயலட்டும். லண்டன் மிஷன் வழிவந்த குடும்பத்தார், இது புத்தக ஜெபம் ஆயிற்றே என்று தயங்க வேண்டியதில்லை. மனத்தில் எழுந்தபடி ஜெபிப்பதற்குச் சரளமான தமிழ் வேண்டும். அது இல்லாத பிள்ளைக்கு முதலில் ஒரு வரியைக் கையில் கொடுத்தால், தன் சொந்த வரியைப் பின்னால் தானே தேடிக்கொள்ளும்.

சொற்பொருளைக் கேட்டால் மலையாளத்திலேயே சொல்லிக் கொடுங்கள். ‘இரக்கம்’ என்றால் ‘கருண’ என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும் விளக்கத்தைத் தமிழில் கால்மணி நேரம் சொல்லிப் பிள்ளையை அலுக்க வைப்பானேன்?

தாளை அச்சிட முன்வரும் சபையார்க்கு ஒரு வேண்டுகோள். தட்டச்சு செய்பவரிடம் விட்டுவிடாமல், தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரை மெய்ப்புப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வரியை உரக்கப் படிக்க, தமிழ் மட்டும் அறிந்த ஒரு பாட்டி அருகில் அமர்ந்து கேட்கட்டும். நம் சங்கத்தின் தமிழ் வகுப்பில் உதவும் இளைஞர்களுள் இருவர் இதற்கு இசைந்திருக்கின்றனர். தவக்காலம் தொடங்குமுன் கையெழுத்துப் படி வந்து சேர்ந்தால், உயிர்த்தெழுந்த திருநாள் ஆராதனைக்குத் தாள் தயாராகிவிடும்.